கணினி வைரஸ்: வருவது எந்த வழி, எழுப்பிவிடுவது யார்?

விண்டோஸ் எக்ஸ்பி புழக்கத்தில் இருந்த காலத்தில், ஒரே வைரஸை ஒரே கணினியிலிருந்து மூன்று முறை நீக்கியிருக்கிறேன். முதல் முறை ஓர் ஆன்டிவைரஸை வைத்து நீக்கினேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. வேறோர் ஆன்டிவைரஸை வைத்து நீக்கினேன், மறுபடியும் வந்தது. மூன்றாம் முறை பொறுமையிழந்து, வன்வட்டையே துடைத்தழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பழைய இடத்தில் பழைய பெயரோடு உட்கார்ந்திருக்கிறது.

வைரஸை நீக்க எனக்குத் தெரிந்திருந்தது. அது எந்த வழியாக வருகிறது, வந்ததும் அதை எழுப்பிவிடுவது யார் என்பதுதான் தெரியவில்லை. அதனால் இந்த வழிகாட்டியை நீக்கும் முறையிலிருந்து தொடங்கப் போவதில்லை. பரவும் முறையை முதலில் பார்த்துவிடுவோம். எந்த ஆன்டிவைரஸ் சிறந்தது என்ற பட்டியலும் இதில் கிடையாது.

முதல் படி: கிடப்பதையும் இயங்குவதையும் பிரித்துப் பாருங்கள்

வைரஸ் என்பது ஒரு நிரல். எழுத்துச்செயலியும் கால்குலேட்டரும் எப்படி நிரல்களோ அப்படியே இதுவும். யாரும் இயக்காதவரை எந்த நிரலும் எதையும் செய்யாது. கிடங்கு மூட்டையில் கிடக்கும் விதை போல வட்டின் ஒரு மூலையில் பத்து ஆண்டுகள் கிடந்தாலும் ஒரு பைட்டைக்கூட அதனால் மாற்ற முடியாது. கணினியின் மூளையான செயலி அதன் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றத் தொடங்கும் அந்த நொடியில்தான் தொற்று நிகழ்கிறது.

எனவே எந்த வைரஸைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதை இயக்கியது யார்? விடை நான்கில் ஒன்றாக இருக்கும். நீங்களே சொடுக்கி இயக்கியிருப்பீர்கள். அல்லது வசதிக்காக என்று இயங்குதளம் தானாக இயக்கியிருக்கும். அல்லது நீங்கள் ஏற்கெனவே நம்பி வைத்திருக்கும் ஒரு மென்பொருள் அதை உள்ளே கொண்டுவந்து இயக்கியிருக்கும். அல்லது, இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளின் பிழை வழியாக அது தன்னைத்தானே இயக்கிக்கொண்டிருக்கும்.

நான்காவது விடை சற்று விளக்கம் கேட்கிறது. கணினியின் நினைவகத்தில் கட்டளைகளும் தரவுகளும் ஒரே இடத்தில், ஒரே வகை எண்களாக இருக்கின்றன. இந்த எண் கட்டளையா, புகைப்படத்தின் ஒரு புள்ளியா என்பது அதைப் படிக்கும் விதத்தைப் பொறுத்தது. ஒரு மென்பொருள் தனக்கு வரும் தரவின் நீளத்தைச் சரிபார்க்காமல் 100 பைட் இடத்தில் 500 பைட்டைக் கொட்டினால், மிஞ்சியது பக்கத்து இடத்தில் வழிகிறது. அந்தப் பக்கத்து இடத்தில் ‘அடுத்து எந்தக் கட்டளையைச் செய்ய வேண்டும்’ என்ற குறிப்பு இருந்துவிட்டால், அனுப்பியவர் விரும்பியபடி அதை மாற்றி எழுதிவிடலாம். தரவு கட்டளையாகிவிடுகிறது. யாரும் எதையும் சொடுக்கவில்லை, ஆனாலும் தொற்றிவிட்டது.

இரண்டாம் படி: பெயர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

பேச்சில் எல்லாமே வைரஸ்தான். ஆனால் பெயர்கள் சொல்வது பரவும் விதத்தை.

வைரஸ், இன்னொரு நிரலிலோ ஆவணத்திலோ, கணினி தொடங்கும்போது முதலில் படிக்கும் வட்டின் துவக்கப் பகுதியிலோ ஒட்டிக்கொள்ளும். ஒட்ட இடம் கொடுத்த அந்த ஓம்பி இயங்கும்போது தானும் இயங்கி அடுத்ததில் ஒட்டும். புழு, ஓம்பி எதுவும் இல்லாமல் பிணையத்தின் வழியே கணினியிலிருந்து கணினிக்குத் தானே நகரும். ட்ரோஜன் தானாகப் பரவவே பரவாது; பயனுள்ள மென்பொருள் போல வேடமிட்டு, உங்கள் கையாலேயே உள்ளே வரும். இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் தீநிரல்.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர், கடவுச்சொல் திருடி, விளம்பர நிரல் போன்ற பெயர்கள் வேறு கணக்கு. அவை உள்ளே வந்தபின் செய்யும் வேலையைக் குறிக்கின்றன. ஒரே ரான்சம்வேர் புழுவாகவும் பரவலாம், ட்ரோஜனாகவும் வரலாம். ‘வைரஸா ரான்சம்வேரா?’ என்று கேட்பது, ‘பஸ்ஸில் வந்தாரா, திருட வந்தாரா?’ என்று கேட்பது போல.

வைரஸ் என்ற பெயர் 1983இல் வந்தது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர் ஃபிரெட் கோஹன், தன்னைத்தானே படியெடுக்கும் நிரல் ஒன்றை வகுப்பில் செய்து காட்டினார். அதற்கு வைரஸ் என்று பெயர் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லியோனார்ட் ஏடில்மன். தரவைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் ஆர்.எஸ்.ஏ. மறைகுறியீட்டு முறையின் பெயரில் கடைசி எழுத்து அவருடையதுதான்.

மூன்றாம் படி: நுழைவழிகளை ஒவ்வொன்றாக அறியுங்கள்

முதலில் கைமாறும் வட்டுகள். 1982இல் ரிச் ஸ்க்ரெண்டா என்ற 15 வயது மாணவர் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதிய ‘எல்க் குளோனர்’, ஃபிளாப்பி வட்டின் துவக்கப் பகுதியில் ஒளிந்திருந்தது. அந்த வட்டை வைத்துக் கணினியைத் தொடங்கினால் நினைவகத்தில் தங்கிவிடும். அடுத்து எந்த வட்டைச் செருகினாலும் அதில் ஒரு படியைப் போட்டுவிடும். ஐம்பதாவது முறை தொடங்கும்போது திரையில் ஒரு கவிதை வரும். அதற்கு மேல் அதற்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. 1986இல் லாகூரிலிருந்து கிளம்பிய ‘பிரைன்’ வைரஸும் துவக்கப் பகுதி வகைதான். அதை எழுதிய சகோதரர்கள் தங்கள் மென்பொருளைத் திருட்டுப் படியெடுப்பதைத் தடுக்கவே செய்ததாகச் சொன்னார்கள். நிரலுக்குள் தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருந்தார்கள். வைரஸ் எழுதியவர் முகவரி கொடுத்த காலமும் ஒன்று இருந்தது.

ஃபிளாப்பி போய் பென் டிரைவ் வந்ததும் வழி இன்னும் அகலமானது. குறுவட்டைச் செருகினால் நிறுவல் தானே தொடங்க வேண்டும் என்று விண்டோஸில் வைத்த ‘ஆட்டோரன்’ வசதியைப் பென் டிரைவுக்கு வந்த தீநிரல்களும் பிடித்துக்கொண்டன. செருகினாலே போதும், அல்லது மை கம்ப்யூட்டரில் அந்த இயக்ககத்தை இரட்டைச் சொடுக்குச் செய்தால் போதும். 2008 நவம்பரில் தோன்றிய ‘கான்ஃபிக்கர்’ பரவிய வழிகளில் இதுவும் ஒன்று. விண்டோஸ் 7இல் பென் டிரைவுக்கு இந்த வசதி நிறுத்தப்பட்டது. பழைய விண்டோஸ்களுக்கு 2011 தொடக்கத்தில் புதுப்பிப்பாக அனுப்பினார்கள்.

கதவு மூடியதும் தீநிரல்கள் ஜன்னலுக்குப் போயின. பென் டிரைவைத் திறந்தால் உங்கள் கோப்புறைகள் எல்லாம் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சிறிய அம்புக்குறி தெரியும். உண்மையான கோப்புறைகள் மறைக்கப்பட்டு, அதே பெயரில் குறுக்குவழிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் சொடுக்கினால் முதலில் தீநிரல் இயங்கும், பிறகு உங்கள் கோப்புறையும் மரியாதையாகத் திறந்துவிடும். எதுவும் கெட்டதாகவே தோன்றாது. 2010இல் கண்டறியப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’ இதைவிட ஒரு படி மேலே போனது. குறுக்குவழியின் படவுருவை விண்டோஸ் வரைந்து காட்டும் பகுதியில் இருந்த பிழையைப் பயன்படுத்தியதால், சொடுக்கக்கூட வேண்டியதில்லை. கோப்புறையைத் திறந்து பார்த்தாலே போதும். ஈரானின் நட்டான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் ஆலையைக் குறிவைத்த தீநிரல் அது. இணையத்தோடு இணைக்காத கணினி பாதுகாப்பானது என்ற நம்பிக்கை அதோடு போயிற்று.

அடுத்தது ஆவணங்கள். ஆவணம் வெறும் எழுத்துதானே, அதில் எப்படி வைரஸ் வரும் என்ற கேள்வி நியாயமானது. வேர்ட், எக்செல் கோப்புகளுக்குள் மேக்ரோ எனப்படும் குறுநிரல்களை வைக்க முடியும் என்பதே விடை. 1995இல் ‘கான்செப்ட்’ என்ற மேக்ரோ வைரஸ் பரவியது. 1999 மார்ச்சில் வந்த ‘மெலிசா’, தொற்றிய ஆவணத்தைத் திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலிலிருந்து முதல் 50 பேருக்குத் தன்னை அனுப்பிக்கொண்டது. பிறகு மைக்ரோசாஃப்ட் மேக்ரோக்களைத் தானாக இயக்குவதை நிறுத்தி, ‘உள்ளடக்கத்தை இயக்கு’ என்ற பொத்தானை வைத்தது. தீயவர்கள் என்ன செய்தார்கள்? ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே, ‘இந்த ஆவணம் பாதுகாக்கப்பட்டுள்ளது, படிக்க மேலே உள்ள பொத்தானை அழுத்தவும்’ என்று படம் போட்டு எழுதினார்கள். பல ஆண்டுகள் இந்த எளிய ஏமாற்று வேலை செய்தது. 2022இல்தான் இணையத்திலிருந்து வந்த ஆவணங்களின் மேக்ரோக்களை இயல்பாகவே முடக்கிவைக்கத் தொடங்கினார்கள்.

மின்னஞ்சலைப் பற்றிச் சொல்லும்போது 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து பரவிய ‘ஐ லவ் யூ’வைத் தாண்டிப் போக முடியாது. தெரிந்தவரிடமிருந்து ஒரு காதல் கடிதம். இணைப்பின் பெயர், வெறும் எழுத்துக் கோப்புக்கு உரிய டி.எக்ஸ்.டி. என்று முடிவது போலத் தெரியும். உண்மையில் அதற்குப் பின்னால், இயங்கும் நிரலுக்கு உரிய வி.பி.எஸ். என்ற இன்னொரு பின்னொட்டு இருந்தது. அறிந்த வகைக் கோப்புகளின் பின்னொட்டை விண்டோஸ் இயல்பாக மறைத்துவிடுவதால் அந்த இரண்டாவது பின்னொட்டு பலருக்குக் கண்ணில் படவில்லை. திறந்தவர்களின் புகைப்படக் கோப்புகளை மேலெழுதி அழித்துவிட்டு, முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் அது பறந்தது. எழுதியவரைத் தண்டிக்க அந்த நாட்டில் அப்போது சட்டமே இல்லை.

அந்த மறைக்கும் பழக்கம் விண்டோஸில் இன்னும் இயல்பாகவே இருக்கிறது என்பது எனக்குத் தீராத எரிச்சல். கோப்பு உலாவியின் ‘காட்சி’ பட்டியலுக்குப் போய், கோப்புப் பின்னொட்டுகளைக் காட்டும் தேர்வை இப்போதே குறியிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். அதன்பின் இ.எக்ஸ்.இ., எஸ்.சி.ஆர்., வி.பி.எஸ்., ஜே.எஸ். என்று முடியும் எதுவும் விலைப்பட்டியலாகவோ புகைப்படமாகவோ இருக்க முடியாது என்பது கண்ணுக்கு நேரே தெரியும். முழு உத்தரவாதம் அல்ல; எழுத்துகளை வலமிருந்து இடமாகத் திருப்பிக் காட்டும் யூனிக்கோட் குறியை நடுவில் செருகிப் பெயரையே புரட்டிக் காட்டும் வித்தையும் உண்டு. ஆனால் பெரும்பாலான திருட்டு இதிலேயே பிடிபட்டுவிடும்.

பிணையப் புழுக்கள் வேறு சாதி. 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர் வெளியிட்ட புழு, யூனிக்ஸ் கணினிகளில் இருந்த பிழைகளையும் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்களையும் பிடித்துப் பரவியது. அதில் ஒரு சுவையான தவறு இருந்தது. ஒரு கணினிக்குள் நுழைந்ததும், ‘இங்கே நான் ஏற்கெனவே இருக்கிறேனா?’ என்று அது பார்க்கும். ‘இருக்கிறாய்’ என்று பொய் சொல்லி நிர்வாகிகள் அதைத் துரத்திவிடக் கூடாதே என்பதற்காக, ஏழில் ஒரு முறை விடை எதுவானாலும் தங்கிவிடும்படி எழுதியிருந்தார். அந்த ஏழில் ஒன்று மிக அதிகம். படிமேல் படியாகச் சேர்ந்து கணினிகள் மூச்சுத் திணறின. இணையத்தில் அப்போது இருந்த ஏறத்தாழ 60,000 கணினிகளில் 6,000 பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது அக்கால மதிப்பீடு.

வேகத்துக்கு 2003 ஜனவரி 25 அன்று வந்த ‘ஸ்லாமர்’. மொத்த அளவே 376 பைட். இந்தப் பத்தியின் எழுத்துகளைச் சேமிக்க அதைவிட அதிக இடம் வேண்டும். தொடக்கத்தில் 8.5 நொடிக்கு ஒரு முறை இரட்டிப்பாகி, பிழை இருந்த கணினிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றைப் பத்து நிமிடத்தில் பிடித்தது. மனிதர் யாரும் தலையிட்டுத் தடுக்கக்கூடிய வேகம் அல்ல அது. அந்தப் பிழையை அடைக்கும் புதுப்பிப்பு ஆறு மாதம் முன்பே வந்திருந்தது என்பதுதான் வேதனை. 2017இல் அதே கதை மறுபடியும் நடந்தது: மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் புதுப்பிப்பை வெளியிட்டது, மே 12 அன்று அதே ஓட்டையின் வழியே ‘வன்னாக்ரை’ நுழைந்து, 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளின் கோப்புகளைப் பூட்டியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ‘புதுப்பிப்பு தயாராக உள்ளது’ என்ற அறிவிப்பை ‘பிறகு’ என்று தள்ளும்போது இந்த இரண்டு மாத இடைவெளி நினைவுக்கு வரட்டும்.

சரி, எல்லாவற்றையும் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் போதுமா? 2017 ஜூன் 27 அன்று ‘நாட்பெட்யா’ வந்ததே ஒரு புதுப்பிப்பாகத்தான். உக்ரைனில் பலரும் பயன்படுத்திய கணக்கு மென்பொருளின் புதுப்பிப்புச் சேவையகத்தைக் கைப்பற்றி, அதன் வழியே தீநிரலை அனுப்பினார்கள். முதல் படியில் சொன்ன மூன்றாவது விடைக்கு இது எடுத்துக்காட்டு: இயக்கியது நீங்கள் நம்பிய மென்பொருள். இதனால் புதுப்பிக்காமல் இருப்பது மேல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய ஓட்டைகளின் வழியே நடக்கும் தாக்குதல்களோடு ஒப்பிட்டால் இது அரிது.

திருட்டு மென்பொருளும் விளையாட்டு ஏமாற்று நிரல்களும் ட்ரோஜன்களின் தாய்வீடு. ‘நிறுவும்முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடவும்’ என்ற குறிப்போடு ஒரு மென்பொருள் வந்தால், திருடன் நாயைக் கட்டிவைக்கச் சொல்கிறான் என்று பொருள்.

2024 முதல் பெருகியிருக்கும் இன்னொன்று உண்டு. ஓர் இணையப் பக்கம், ‘நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிசெய்யுங்கள்’ என்கிறது. பிறகு விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், கன்ட்ரோல் விசையோடு வி அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள் என்று படிப்படியாகச் சொல்கிறது. அந்தப் பக்கம், படியெடுத்தவை தங்கும் உங்கள் ஒட்டுப்பலகையில் (கிளிப்போர்டு) ஒரு கட்டளையை ஏற்கெனவே வைத்துவிட்டது. நீங்கள் அதை எடுத்து உங்கள் கணினியின் கட்டளைப் பெட்டியில் ஒட்டி இயக்குகிறீர்கள். ஓட்டையும் வேண்டாம், இணைப்பும் வேண்டாம். எந்த உண்மையான சரிபார்ப்பும் கட்டளைப் பெட்டியைத் திறக்கச் சொல்லாது.

கைப்பேசியிலும் கதை அதேதான். 2004இல் புளூடூத் வழியே பரவிய ‘கேபிர்’, பெறுபவரிடம் அனுமதி கேட்டது. பலர் ‘சரி’ என்றார்கள். மறுத்தால் மறுபடி மறுபடி கேட்டது. தொல்லை பொறுக்காமல் ‘சரி’ என்றவர்களும் உண்டு. இன்றைய ஆண்ட்ராய்டில், செய்தியில் வரும் ஏ.பி.கே. கோப்பை நிறுவி, அது கேட்கும் ‘அணுகல் வசதி’ அனுமதியைக் கொடுத்துவிட்டால், திரையில் தெரிவதைப் படிக்கவும் உங்கள் சார்பில் பொத்தான் அழுத்தவும் அதனால் முடியும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக உருவாக்கிய வசதி அது. டார்ச் லைட் செயலிக்கு அது எதற்கு?

ரூட்டர், கண்காணிப்புக் கேமரா போன்ற கருவிகளும் கணினிகளே. 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயர்–கடவுச்சொல் இணைகளில் அறுபது சொச்சத்தை மட்டும் முயன்று பார்த்தே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. மேக்கில் வைரஸ் வராது என்பவர்களுக்கு: 2012இல் ‘ஃபிளாஷ்பேக்’ ஜாவா ஓட்டையின் வழியே சுமார் 6 லட்சம் மேக் கணினிகளுக்குள் போனது.

நான்காம் படி: ஆன்டிவைரஸிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆன்டிவைரஸ் இரண்டு வேலை செய்கிறது. அறிந்த தீநிரல்களின் அடையாளத் துணுக்குகளைக் கோப்புகளில் தேடுகிறது. இயங்கும் நிரல்களின் நடத்தையைக் கவனிக்கிறது. முதலாவது முறையை ஏமாற்ற, ஒவ்வொரு படியிலும் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும் வைரஸ்கள் உண்டு. இரண்டாவது முறை புதியவற்றையும் பிடிக்கும், ஆனால் சில வேளை நல்ல நிரலையும் சந்தேகப்படும்.

எல்லாவற்றையும் பிழையின்றிப் பிடிக்கும் ஆன்டிவைரஸ் ஒருநாள் வருமா? வராது, அதை நிரூபித்தவரும் கோஹன்தான். அப்படி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு நிரல் எழுதுகிறேன். அது முதலில் அந்த ஆன்டிவைரஸிடம், ‘நான் வைரஸா?’ என்று கேட்கும். ‘ஆம்’ என்றால் சும்மா இருந்துவிடும். ‘இல்லை’ என்றால் பரவத் தொடங்கும். ஆன்டிவைரஸ் எந்த விடை சொன்னாலும் தவறாகிவிடுகிறது.

ஆகவே விண்டோஸ் 10, 11இல் கூடவே வரும் டிஃபெண்டர் பெரும்பாலான வீட்டுப் பயனர்களுக்குப் போதும் என்பது என் கருத்து. இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாக நிறுவாதீர்கள். ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டுக் கணினியைப் படுத்திவிடும். உங்களுடையது விழித்திருக்கிறதா என்று சோதிக்க ‘ஐகார்’ சோதனைக் கோப்பு இருக்கிறது: 68 எழுத்து நீளமுள்ள, எந்தத் தீங்கும் செய்யாத ஒரு வரி. அதைப் பார்த்ததும் கூச்சலிட வேண்டும் என்று ஆன்டிவைரஸ் தயாரிப்பாளர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: தொற்றுவதற்கு முன்பே காப்பு நகல் எடுத்துவையுங்கள்

ரான்சம்வேருக்கு எதிராக நம்பத் தகுந்த மருந்து இது ஒன்றுதான். 1989இலேயே ஒருவர் சுமார் 20,000 ஃபிளாப்பிகளை ‘எய்ட்ஸ் தகவல்’ என்ற பெயரில் அஞ்சலில் அனுப்பி, தொண்ணூறாவது முறை கணினியைத் தொடங்கும்போது கோப்புப் பெயர்களைப் பூட்டிவிட்டு, 189 டாலர் கேட்டார். அப்போது பூட்டை உடைக்க முடிந்தது. இன்றைய மறைகுறியீட்டைச் சரியாகச் செய்திருந்தால் உடைக்க வழியில்லை.

மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது பழைய விதி. நான் அதில் ஒன்றைச் சேர்ப்பேன்: ஒரு நகலாவது கணினியோடு இணைக்கப்படாமல் இருக்க வேண்டும். எப்போதும் செருகியே இருக்கும் வெளிவட்டு, ரான்சம்வேருக்கு இன்னொரு கோப்புறை. அதையும் சேர்த்துப் பூட்டும். தானாக ஒத்திசையும் மேகச் சேமிப்பும், பழைய பதிப்புகளை வைத்துக்கொள்ளாவிட்டால், பூட்டிய கோப்பை உண்மையாகவே ஒத்திசைத்துவிடும். எடுத்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது அவ்வப்போது திறந்து பாருங்கள்.

ஆறாம் படி: தொற்றா, வெறும் தொல்லையா என்று பாருங்கள்

‘வைரஸ் வந்துவிட்டது’ என்று என்னிடம் கொண்டுவரப்படும் கணினிகளில் கணிசமானவற்றில் வைரஸே இருப்பதில்லை. திரை ஓரத்தில் ‘5 வைரஸ்கள் கண்டறியப்பட்டன’ என்று மின்னுவது, எப்போதோ ஓர் இணையதளத்துக்குக் கொடுத்த அறிவிப்பு அனுமதியால் வரும் விளம்பரம். உலாவியின் அமைப்புகளில் அறிவிப்பு அனுமதிகளைத் திறந்து, தெரியாத தளங்களை நீக்கினால் தீர்ந்தது. கணினி மெதுவாக இருப்பதும் பெரும்பாலும் வட்டு நிரம்பியதாலோ பழையதானதாலோதான்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. ஆன்டிவைரஸ் தானாக அணைந்து, மறுபடி இயக்க மறுக்கிறது. உலாவியின் முகப்பும் தேடுபொறியும் மாற்றி வைத்தாலும் திரும்ப மாறுகின்றன. நீங்கள் அனுப்பாத செய்திகள் உங்கள் கணக்கிலிருந்து போகின்றன. கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் புதிய பின்னொட்டு முளைக்கிறது. கடைசி அறிகுறியைக் கண்டால் யோசிக்க நேரமில்லை. உடனே ஏழாம் படிக்குப் போங்கள். கடவுச்சொல் திருடிகள் மட்டும் எந்த அறிகுறியும் காட்டாது. சில நிமிடங்களில் வேலையை முடித்துத் தன்னையே அழித்துக்கொள்பவையும் உண்டு.

ஏழாம் படி: நீக்குங்கள், இந்த வரிசையில்

1. பிணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை அணையுங்கள், கம்பியை உருவுங்கள். புழு பரவுவதும் தரவு வெளியே போவதும் நிற்கும். செருகியிருக்கும் வெளிவட்டுகளையும் கழற்றுங்கள்.

2. வேறொரு நல்ல கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள், மின்னஞ்சலில் தொடங்கி. மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்டுக்கொடுப்பது அந்த மின்னஞ்சல்தானே. தொற்றிய கணினியிலிருந்து மாற்றினால் புதியதையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். கடவுச்சொல்லோடு நிறுத்தாமல், ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். நீங்கள் உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்க உலாவியில் இருக்கும் குக்கி என்ற சிறு தரவைத் திருடியவருக்குக் கடவுச்சொல்லே தேவையில்லை. இருகட்டச் சரிபார்ப்பும் அவரை நிறுத்தாது.

3. விண்டோஸ் இயங்காத நிலையில் சோதியுங்கள். டிஃபெண்டரில் ‘ஆஃப்லைன் சோதனை’ என்ற தேர்வு இருக்கிறது. தீநிரல் இயங்கிக்கொண்டிருக்கும்போது அது ஆன்டிவைரஸின் கண்ணைக் கட்டலாம். அது எழும் முன்பே சோதித்தால் தூங்கும்போது பிடிபடும்.

4. மறுபடி எழுப்பிவிடும் இடங்களைப் பாருங்கள்: தொடக்கத்தில் இயங்கும் நிரல்கள், பணித் திட்டமிடல், உலாவி நீட்சிகள். கோப்பை அழித்து இவற்றை விட்டுவிட்டால் அது மறுபடி பதிவிறங்கி வரும்.

5. சந்தேகம் தீராவிட்டால் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள். நிறுவல் வட்டை வேறு கணினியில் உருவாக்குங்கள். பழைய வட்டிலிருந்து ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுங்கள், நிரல்களை எடுக்காதீர்கள். வங்கி வேலை செய்யும் கணினி என்றால் நான் நேராக இந்தப் படிக்கே வந்துவிடுவேன்.

6. ரான்சம்வேர் என்றால் பணம் கொடுக்குமுன், ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் டச்சு காவல்துறையும் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தைப் பாருங்கள். சில வகைகளுக்குப் பூட்டுத் திறக்கும் கருவிகள் அங்கே இலவசம். உங்கள் வகைக்கு இன்று இல்லாவிட்டாலும் பூட்டிய கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள். சாவிகள் பின்னாளில் வெளிவந்தது உண்டு. பணம் கொடுத்தால் சாவி வரும் என்பதற்கு உங்களைப் பூட்டியவரின் வாக்கு மட்டுமே பிணை.

7. கணினியைத் தொட்ட எல்லாச் சேமிப்புகளையும் சோதியுங்கள். குறுக்குவழி வைரஸ் பிடித்த பென் டிரைவை உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். கோப்பு உலாவியில் மறைந்த கோப்புகளையும், பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளையும் காட்டும்படி அமைத்தால், உங்கள் உண்மையான கோப்புறைகள் மங்கலாகத் தெரியும். பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது. தேவையானவற்றைப் படியெடுத்துவிட்டு, அதன்பின் ஃபார்மட் செய்யுங்கள்.

இந்த ஏழாவதைத்தான் நான் அன்று விட்டிருந்தேன். வீட்டில் இருந்த பென் டிரைவ்கள் மூன்றையும் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் சோதித்தேன். கேமராவின் மெமரி கார்டை நான் சேமிப்பாகவே எண்ணவில்லை. அதில் படங்கள்தானே இருக்கும். நான்காம் முறை அதைத் திறந்து மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னபோது, ஆட்டோரன் கோப்பு ஒன்றும் அதே வைரஸும் படக் கோப்புறைக்குப் பக்கத்தில் இருந்தன. ஒவ்வொரு முறையும் கணினியைச் சுத்தம் செய்துவிட்டு, நீக்கியாயிற்று என்ற நிம்மதியில் ஞாயிற்றுக்கிழமைப் படங்களைக் கணினியில் ஏற்ற நானே அதைச் செருகியிருக்கிறேன்.